நான் வேண்டாமென்ற சிறுநீரகம்

கபிலன்,

நேற்று நீ அழைத்த நேரம் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். மேல்மாடி வீட்டுக்காரர் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தார்கள். "அம்மா, அந்தக் கிட்னி வேலை செய்யேல்லை. இண்டைக்குத் திரும்ப வெட்டி எடுத்திட்டம்" என்று நீ சொன்னபோது என்னால் அவர்கள் முன்னால் ஒன்றும் கதைக்க முடியவில்லை. குசினிக்குள் போனேன். நீ அதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாய். "செத்த சாமானை உயிரோட இருக்கிற மனுசனுக்குள்ளை வச்சுத் தைச்சிருக்கிறன். நான் இந்த வேலையை விடப்போறன்." அந்த ஆளைப் போய்ப் பாத்தியா என்று மட்டும் கேட்டேன், நீ பேச்சை மாற்றினாய், பிறகு கதைப்பம் ராசா என்று சொல்லி வைத்துவிட்டேன். விருந்தாளிகள் போன பிறகு உன்னை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் என்றால் நீ இடையில் என்னை வெட்டிக் கதைக்க முடியாது என்பது ஒரு வசதி.

முந்திய நாட்களிலும் நேற்றும் நீ சொன்னவரையில் எனக்கு விளங்கியது இதுதான். இதயம் நின்று இறந்த ஒருவருடைய சிறுநீரகம் உங்கள் பிரிவுக்கு வந்தது. எடுப்பதா விடுவதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை உன் தலைமை மருத்துவர் முதல்முறையாக உன்னிடம் விட்டார். நீ அதைப் பார்த்தாய், தொட்டாய், இயந்திரத்தில் பூட்டி குளிர்ந்த திரவத்தை ஓடவிட்டாய். ஓட்டத்தையும் அழுத்தத்தையும் காட்டும் எண்கள் எல்லாம் நன்றாக இருந்தன. எடுக்கலாம் என்றாய். அவரும் சரி என்றார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவருக்கு வைத்தீர்கள். அது ஒரு சொட்டுச் சிறுநீர்கூடத் தராமல் கிடந்து, கடைசியில் கழற்ற வேண்டி வந்துவிட்டது. நீ கேட்காமல் கேட்ட கேள்வி, இத்தனை வருடம் இதே தொழில் செய்த அம்மா இதற்கு என்ன சொல்லப்போகிறாள் என்பது. எனக்கு நடந்த ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

நீ உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். பம்பலப்பிட்டியில் டியூஷன் முடித்து, காலி வீதியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருவாய். நான் அப்போது கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தேன். நாங்கள் இறந்தவர்களிடமிருந்து எடுத்த சிறுநீரகங்களில் அநேகமானவை மூளைச்சாவு அடைந்தவர்களுடையவை. அதில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும், நாங்கள் வெட்டி எடுக்கும் கணம்வரை சிறுநீரகத்துக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். மற்ற வகை மிக அரிது. மூளை மீளமுடியாதபடி கெட்டுவிட்டது, ஆனால் மூளைச்சாவு என்று எழுதமுடியாது, சிகிச்சையை நிறுத்துவதுதான் நியாயம் என்று அந்த நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்களும் குடும்பமும் முடிவெடுக்கிறார்கள். செயற்கைச் சுவாசத்தை நிறுத்துகிறார்கள். இதயம் தானாக நிற்கும்வரை காத்திருக்கிறார்கள். நின்ற பிறகும் சில நிமிடங்கள் ஒருவரும் தொடாமல் இருந்து, மரணத்தை உறுதிசெய்த பின்புதான் எங்களிடம் தருவார்கள். அந்த நேரம் முழுவதும் சிறுநீரகம் உடல் சூட்டிலேயே, இரத்தம் குறைந்து குறைந்து, பட்டினி கிடக்கிறது. எவ்வளவு கெட்டது, எவ்வளவு மிஞ்சியது என்பதைத்தான் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். இது உனக்குத் தெரியாததல்ல. என்றாலும் அன்றைக்கு நான் எந்த இடத்தில் நின்றேன் என்று நீ பார்க்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மனிதரின் பெயர் அன்ரனி. கொட்டாஞ்சேனையில் வீடு, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தவர், தலையிடி என்று சொல்லி அப்படியே சரிந்திருக்கிறார். மூளைக்குள் பெரிய இரத்தக் கசிவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கள் போயும் முன்னேற்றம் இல்லை. அவருடைய மனைவி ஸ்டெல்லா, ஒருவரும் கேட்க முன்னமே, தானே கேட்டாராம்: "அவரு எப்பவும் சொல்வாரு, நான் போனா எல்லாத்தையும் குடுத்துரு, மண்ணுக்கு எதுக்கு அதெல்லாம்ண்டு. குடுக்க ஏலுமா?" அன்ரனியின் தம்பிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. சும்மா வெட்டிப்போடப் போகிறார்கள் என்று நடைபாதையில் நின்று சத்தம் போட்டார். ஸ்டெல்லா அசையவில்லை.

சிகிச்சையை நிறுத்தும் அறைக்குள் எங்களுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. நான் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கை கழுவி, அங்கி போட்டுக்கொண்டு நின்றேன். காலை நேரம். அங்கே நிற்கும்போது மனம் செய்யும் வேலை அசிங்கமானது, கபிலன். அந்த மனிதர் சாகவேண்டும் என்று நீ விரும்பவில்லை. ஆனால் சாவதானால் கெதியாக, இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து, சுத்தமாகச் சாகவேண்டும் என்று உன் கைகள் விரும்புகின்றன. அன்ரனி அப்படிச் சாகவில்லை. துறைமுகத்தில் வேலை செய்த உடம்பு. அழுத்தம் விழுந்தது, பிறகு ஒரு தாழ்ந்த நிலையில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. தாதி ஒருத்தி கதவடியில் வந்து, இன்னும் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போவாள். இன்னும் கொஞ்சம் இழுபட்டால் வேண்டாமென்று சொல்லி அங்கியைக் கழற்றிவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வேளையில் இதயம் நின்றது.

பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. உள்ளே போய், பெருந்தமனியில் குழாயைப் போட்டு, பனிக்குளிர்த் திரவத்தை ஓடவிட்டோம். நல்ல சிறுநீரகம் என்றால் இரத்தம் கழுவப்பட்டு எல்லா இடமும் ஒரேமாதிரி வெளுக்கும் என்பது உனக்குத் தெரியும். இடது அப்படியே வெளுத்தது, பால் கூடின தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. நாளத்தால் வெளியே வந்த திரவமும் தெளிந்துவிட்டது. வலது வெளுக்கவில்லை. மேல்பகுதி வெளுத்து, கீழே கத்தரிக்காய் நிறத்தில் திட்டுத்திட்டாக நின்றது. பனித்தட்டில் வைத்துத் தனியாக இன்னொரு தடவை கழுவினேன். சில திட்டுகள் கரைந்தன, சில அப்படியே இருந்தன. வெளியே வந்த திரவத்தில் மணல்போலச் சிறு இரத்தக் கட்டிகள். விரலால் அழுத்திப் பார்த்தேன். எங்களிடம் நீ வைத்திருக்கிற மாதிரி இயந்திரம் இல்லை. பனிப்பெட்டி, கண், விரல், அவ்வளவுதான். ஊசியால் ஒரு துண்டு எடுத்து நோயியல் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவள் என் தோழி. தொலைபேசியைத் தாதி என் காதோடு பிடித்தாள். "சின்னக் குழாய்களுக்குள்ளை கட்டி கிடக்கு. ஆனா எல்லா இடத்திலயும் இல்லை" என்றாள் தோழி. வேலை செய்யுமா என்று கேட்டேன். "நான் பார்க்கிறது ஊசி முனை அளவு துண்டடி. மிச்சம் முழுக்க உன்ர கையிலதான் இருக்கு. என்னைக் கேட்டால் எப்பிடி?"

அவள் சொன்னது நேர்மை. நான் அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று யோசித்தேன். சிலவேளை இப்படிப்பட்டவை பிறகு தேறி வேலை செய்திருக்கின்றன. சிலவேளை செய்யவே இல்லை. அன்ரனிக்குப் பல வருடமாக உயர் இரத்த அழுத்தம் வேறு. இவ்வளவையும் கூட்டிப் பார்த்து, வலது வேண்டாம் என்றேன். அதை அன்ரனியின் உடலுக்குள்ளேயே திரும்ப வைத்து, காயத்தைத் தைத்து மூடினேன்.

அந்த வலது சிறுநீரகத்துக்காக ஒருவர் வந்து காத்திருந்தார். றியாஸ் என்று பெயர், கிராண்ட்பாஸில் தையல் கடை வைத்திருந்தவர். உனக்கு இப்போது இருக்கிற வயதைவிடக் கொஞ்சம் கூட. வாரம் தவறாமல் டயலிசிஸுக்கு வந்துபோகிறவர். அன்று காலையில் அழைத்ததும் சாப்பிடாமல், ஒரு சிறிய பையில் மாற்றிக் கட்டச் சாரமும் துடைக்கத் துவாயும் எடுத்துக்கொண்டு மனைவியோடு வந்துவிட்டார். அடுத்த கூடத்தில் இடது சிறுநீரகத்துக்குரிய இளம் ஆசிரியைக்கு மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் நான் அவரிடம் போனேன். யாரையாவது அனுப்பியிருக்கலாம், ஆனால் மறுத்தது நான். கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். என் முகத்தைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"நல்லமில்லையா டொக்டர்?"

"நல்லமில்லை எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறீங்க. அப்ப நிச்சயமில்ல."

"இல்லை. நிச்சயமில்லை."

"அப்ப எனக்கு வைங்க. வேல செய்யாட்டி பரவால்ல. நான் ஒங்கள ஒன்னும் கேக்க மாட்டேன்."

நான் விளக்கினேன். வேலை செய்யாவிட்டால் ஒரு பெரிய சத்திரசிகிச்சை வீண், அதைக் கழற்ற இன்னொன்று, அதோடு உடம்பு அந்நியச் சிறுநீரகத்துக்கு எதிராகப் பழகிவிட்டால் பிறகு வரும் நல்ல ஒன்றும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அந்த நல்லது எப்ப வரும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருடைய மனைவி பக்கத்தில் நின்றவர், என்னைப் பார்க்காமல் துவாயை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். நான் திரும்பி நடந்து, மற்றக் கூடத்துக்குள் போய், இடது சிறுநீரகத்தை அந்த ஆசிரியைக்கு வைத்தேன். கை நடுங்கவில்லை. இந்தத் தொழிலில் அது ஒரு பயங்கரமான விஷயம், நீயும் கவனித்திருப்பாய்.

அந்த இடது சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. உடனே செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வார்டுக்குப் போய் முதலில் அந்தப் பிள்ளையின் முகத்தை அல்ல, கட்டிலில் தொங்கும், சிறுநீர் சேரும் பையைத்தான் பார்ப்பேன். வெறுமையாக இருக்கும். மாற்று வைத்த பிறகும் அவளை டயலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளுத்து நன்றாயிருக்கிறது என்று நான் நம்பி வைத்ததும் பிழை, அப்படியென்றால் திட்டுத்திட்டாக நின்றதால் கெட்டது என்று நம்பி மறுத்ததும் பிழையாக இருக்கலாம் அல்லவா? அந்த நாட்களில் வீட்டில் நான் உன்னோடு எரிந்து விழுந்தது உனக்கு நினைவிருக்கலாம். எதற்கென்று நீ அப்பாவைக் கேட்டாய், அவருக்கும் தெரியாது.

டயலிசிஸ் பிரிவுக்குள் போகாமல் இருக்க நான் காரணம் தேடினேன், ஏனென்றால் அங்கே றியாஸ் இருப்பார். கடைசியில் அந்த ஆசிரியையைப் பார்க்கப் போகவேண்டி வந்தது. இரண்டு கட்டில் தள்ளி அவர். கண்டும் காணாததுபோலத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அவர் கூப்பிட்டார். நான் போய்க் கால்மாட்டில் நின்றேன். தன்னைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த டீச்சருக்கு வெச்சது ஓடலியா?" என்றார். வேறு நோயாளியைப்பற்றிச் சொல்லக்கூடாது என்றேன். "இங்க ஒரே ரூம்ல ஈக்கிறோம் டொக்டர், எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "ஓடும். இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தீங்களே." எனக்கு ஆறுதல் சொன்னவர் நான் மறுத்த மனிதர். அன்றைக்கு நான் அவரோடு நெடுநேரம் நின்றேன். அவருடைய கடை, அவருடைய தையல்காரப் பையன்கள் ஒழுங்காக வருகிறார்களா, பெருநாளுக்குள் முடிக்கவேண்டிய உடுப்புகள் என்று கதைத்தோம். அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது என் வசதிக்காகக் கேட்டதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் ஆசிரியையின் பையில் கொஞ்சம் சிறுநீர் இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். பிறகு ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டது. அவள் இப்போதும் நன்றாக இருக்கிறாள்.

ஸ்டெல்லா ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். அன்ரனிக்கு மாதப் பூசை கொடுத்த கையோடு, கறுப்புச் சட்டையோடு வந்திருந்தார். யாருக்குப் போனது என்று நான் சொல்லமுடியாது என்பது அவருக்குத் தெரியும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரெண்டும் வேல செய்யுதா டொக்டர்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒன்று வேலை செய்கிறது, மற்றதை நாங்கள் வைக்கவில்லை, அது ஒருவருக்கும் உதவாது என்று எனக்குப் பட்டது என்றேன்.

"அப்ப அத என்ன செஞ்சீங்க?"

"அவரோடயே திரும்ப வச்சுத் தைச்சனான்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டார். "அவரு மூச்சு நிக்கிற வரைக்கும் அவரு கையப் புடிச்சிட்டு இருந்தேன். நின்னதும் கொஞ்ச நேரம்கூட விடல. கையப் பிரிச்சுட்டுத் தள்ளிட்டு ஓடுனீங்க. இதுக்குத்தானா? ஒண்ண வேணாம்ண்டு சொல்றதுக்கா?" நான் விளக்கம் சொல்லத் தொடங்கி, நிறுத்திவிட்டேன். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் இடதும் கிடைத்திருக்காது என்பது உண்மை. அந்த உண்மையால் அவருடைய கைக்கு என்ன பயன்? அவர் சொல்லி முடியும்வரை கேட்டேன். அப்புறம் கேட்டார், வேலை செய்வது ஆணுக்கா பெண்ணுக்கா என்று. அதைச் சொல்லலாமா கூடாதா என்று நான் தடுமாறினேன். "சரி, விடுங்க. அவங்க நல்லா இருக்கட்டும்" என்று எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த குடும்பங்களுக்கு, இதயம் நின்றதும் என்ன நடக்கும், எவ்வளவு அவசரமாக நடக்கும் என்று முன்கூட்டியே ஒருவர் இருந்து சொல்லவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சிலர் அதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் வேண்டாம் என்று சொன்னார்கள். அதையும் ஏற்றுக்கொண்டோம்.

இனிச் சொல்லப்போவதுதான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது. றியாஸுக்கு அந்த நல்ல சிறுநீரகம் வரவில்லை. அடுத்த வருடம் டயலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி தொற்றி, காய்ச்சல் வந்து, ஒரு கிழமைக்குள் போய்விட்டார். நான் கேள்விப்படும்போது அடக்கம் முடிந்துவிட்டது. கிராண்ட்பாஸுக்குப் போனேன். தையல் கடைக்குப் பின்னால் வீடு. மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்தார். "அவர் ஒங்களப் பத்தி ஒரு நாளும் கோவமாச் சொல்லல்ல" என்றார். பிறகு அவர் சொன்னார்: "ஆனா எனக்குக் கோவம்தான். இப்பவும் கோவம்தான். வெச்சுப் பார்த்திருக்கலாமே." நான் அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தேன். வேறு என்ன செய்வது? அவர் சொன்னது பிழையென்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்கு அதே தட்டில் அதே சிறுநீரகத்தை வைத்தால், அன்று தெரிந்தது மட்டும் தெரிந்திருந்தால், நான் அதே முடிவைத்தான் எடுப்பேன். அவர் அதே கோபத்தோடுதான் இருப்பார். இரண்டும் ஒன்றையொன்று அழிக்காது.

நீ எடுத்தது வேலை செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். நான் மறுத்தது வேலை செய்திருக்குமா என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. எது பாரம் கூடியது என்று நிறுத்துப் பார்க்க நான் விரும்பவில்லை. உன்னைப் பிழையில்லாதவன் என்று சொல்லவும் இதை எழுதவில்லை. உன் தலைமை மருத்துவரோடு இருந்து, எல்லாவற்றையும் திரும்பப் பார். நிறம், எண்கள், இதயம் நிற்க முன் அழுத்தம் தாழ்ந்து கிடந்த நேரம், எல்லாம். தவறவிட்டது ஏதும் இருந்தால் அதைக் கண்டுபிடி, வெட்கப்படாமல் சொல். ஒன்றும் இல்லாவிட்டால், ஒன்றும் இல்லை என்பதையும் ஏற்றுக்கொள். அது முதலாவதைவிடக் கஷ்டம். இயந்திரம் காட்டும் எண் இந்தக் கணத்தைச் சொல்லும், நாளையைச் சொல்லாது. நல்ல எண்ணோடு வந்ததும் சாகும். திட்டுத்திட்டாக வந்ததும் சிலவேளை பிழைக்கும். இவ்வளவு அரிதாகக் கிடைப்பதை எல்லாம் மறுத்தால் ஆட்கள் காத்திருந்தே சாவார்கள், எல்லாவற்றையும் எடுத்தால் சத்திரசிகிச்சைக் கட்டிலில் கெடுவார்கள். இதற்கு நடுவில் யாரோ ஒருவர் நின்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

வேலையை விடுவதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நானும் விட நினைத்தேன், விடவில்லை, அது எனக்குச் சரியாக வந்தது. உனக்கு வேறுமாதிரி இருக்கலாம். அப்பாவிடம் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன், றியாஸைப்பற்றியும்தான். இத்தனை வருடம் கழித்து அவருக்கும் இப்போதுதான் தெரியும். பேப்பரை மடித்து வைத்தார். "விடுறதெண்டால் விடட்டும். ஆனா அந்த பஸ் ட்ரைவரைப் போய்ப் பார்த்திட்டு விடச் சொல்லு" என்றார்.

நேற்று நானும் அதைத்தான் கேட்டேன். அவரைப் போய்ப் பாத்தியா என்று. நீ உடனே பேச்சை மாற்றினாய். ஆகவே நீ இன்னும் போகவில்லை. மற்ற மருத்துவர்கள் போய் விளக்கியிருப்பார்கள், மருந்தெல்லாம் சரியாக நடக்கும், நீ போகாததால் ஒன்றும் குறையப்போவதில்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டிருப்பாய். நானும் சொல்லிக்கொண்டேன். நாளைக்குப் போ, ராசா. கூட ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகாதே. என்ன சொல்வது என்று வழியில் யோசித்து வைக்காதே, அங்கே போனதும் அது உதவாது. உன்னுடைய பெயரைச் சொல், அந்தச் சிறுநீரகத்தை எடுக்கலாமென்று சொன்னது நான்தான் என்று சொல். பிறகு இரு. மிச்சத்தை அவர் கதைப்பார்.

அம்மா
வெள்ளவத்தை